மேட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: மண்சரிவு குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட, கட்டுமான ஆணையத்தாருக்கும் நகர மன்றப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன். நம் சிங்கப்பூர்த் தீவின் மண்மேடுகளில் வாரம் தவறாமல் ஏறி இறங்குகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். புல் வெட்டுகிறவர்கள், மேட்டின் வடிகால்களைத் துப்புரவு செய்கிறவர்கள், அடிவாரத்தில் குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள். ஒரு மேடு சரியப்போகிறது என்றால், அந்தச் செய்தி பொறியாளரின் மேசைக்கு வருவதற்கு வெகு முன்பே இவர்களின் காலடியில் தெரிந்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுடைய மொழியில் சொல்லிக்கொடுங்கள். பார்த்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்ள ஓர் ஆளை நியமியுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். இது ஏன் அவசியம் என்பதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

நிலக்கருவிகளைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மேட்டுக்குள் இறக்கிய குழாயில் சாய்வுமானியை விட்டு, மண் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று எடுப்பதும், பீசோமீட்டரில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறிப்பதும் என் அன்றாட வேலை. பொறியாளர்களின் கணக்குக்கு வேண்டிய எண்களைக் களத்திலிருந்து கொண்டுவந்து கொடுப்பவன் நான். ஆகவே களத்தில் நிற்பவர்களுக்கும் கணக்குப் போடுபவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூரில் மண்சரிவா என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நம் உயரமான மலையான புக்கிட் தீமா 163 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது; அதனால் எழும் கேள்வி அது. ஆனால் மண் சரிவதற்கு மலை தேவையில்லை. நான்கு மாடி உயர மேடு போதும். 1995 பிப்ரவரி 26 அன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டரை மணி நேரத்தில் 95 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஒரே வளாகத்துக்குள் 20க்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 2006 டிசம்பர் 19 அன்று 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் மழை பதிவானது; அதையொட்டிய வாரங்களில் தீவின் பல மேடுகள் பெயர்ந்தன. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை 2014 செப்டம்பரில் மூடி, மேடுகளையும் பாதைகளையும் சீரமைத்து, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். 2022 செப்டம்பரில் கிளமெண்டியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டுமானத் தளத்தை ஒட்டி மண் சரிந்து உலு பாண்டான் கால்வாயின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டது. யாருக்கும் காயமில்லை.

யாருக்கும் காயமில்லை என்ற அந்தச் சொற்றொடர் நம் செய்திகளில் அடிக்கடி வருவதற்கு உங்கள் உழைப்பும் முக்கியக் காரணம். அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் தடுப்புச் சுவர் எழுப்புவதென்றால் தகுதிபெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும். ஆழமான அகழ்வுக்கு அனுமதி வேண்டும். கருவிகளின் அளவுகள் எச்சரிக்கை அளவைத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டும். இந்த ஒழுங்கில் மிச்சமிருக்கும் ஓர் ஓட்டையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் நம் மண்ணின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். தீவின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் அடியில் இருப்பது புக்கிட் தீமா கருங்கல். மேற்கில், ஜூரோங் பக்கம், மணற்கல்லும் சேற்றுக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் தட்பவெப்பத்தில் இந்தப் பாறைகள் இருந்த இடத்திலேயே மக்கிச் செம்மண்ணாகியிருக்கின்றன. சில இடங்களில் 30 மீட்டர் தோண்டினாலும் இந்த மக்கிய மண்தான் வரும். வெயில் நாளில் இதைத் தொட்டுப் பாருங்கள். கல்போல இருக்கும். செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். இந்த உறுதியில் பெரும்பங்கு மண்ணுக்குச் சொந்தமானதன்று. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சம் நீர், துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கட்டும் வீடு நிற்பது இதனால்தான். அதன்மேல் ஒரு வாளி நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். மழைநீர் மேட்டுக்குள் இறங்க இறங்க அந்த இழுவிசை தளர்கிறது. மேல்மண் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஊறியதும் அதன் எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. பிறகு அந்தத் தோல் மட்டும் அப்படியே கழன்று கீழே வருகிறது. நம் மண்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

நன்யாங் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹரியாண்டோ ரஹார்ஜோவும் அவருடைய குழுவினரும் நம் மேடுகளிலேயே கருவிகளை நட்டு, ஆண்டுக்கணக்கில் இதை அளந்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று எங்களைப் போன்ற களப்பணியாளர்களுக்கு மிக முக்கியம். சரிவு நடந்த நாளின் மழையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய ஐந்து நாள்களில் எவ்வளவு பெய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஊறிப்போன மேட்டைச் சாதாரண மழையே தள்ளிவிடும். மலேசியாவின் பாத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 அதிகாலை முகாமில் உறங்கிக்கொண்டிருந்த 31 பேர் புதைந்து இறந்தபோது வானம் கொட்டித் தீர்க்கவில்லை. முந்தைய நாள்களில் இறங்கிய நீர்தான் அந்த மேட்டைத் தளர்த்தியிருந்தது. மழை விட்டுவிட்டது, இனி வேலையைத் தொடரலாம் என்று தளங்களில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதைபதைப்பு. மழை விட்ட மறுநாள் காலையில்தான் பீசோமீட்டரில் நீர்மட்டம் உச்சத்தில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் வார்ன்ஸ் 1978இல் வகுத்துக் கொடுத்த பகுப்பைத்தான் உலகம் இன்றும் பெரிதும் பின்பற்றுகிறது: விழுவது, கவிழ்வது, வழுக்குவது, பக்கவாட்டில் பரவுவது, ஓடுவது. பாறை விழுவதும் கவிழ்வதும் நமக்கு அதிகமில்லை. புக்கிட் பாத்தோக்கின் லிட்டில் குய்லின் போன்ற பழைய கல்லுடைப்புக் குழிகளில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே பாறை முகத்துக்கு முன் வேலி போட்டிருப்பது அதற்காகத்தான். படம் பிடிக்க வேலியைத் தாண்டாதீர்கள் என்று இளையர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பரவுவதும் நமக்கு அரிது.

வழுக்குவதில் இரண்டு விதம் உண்டு, இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன தோல் உரிவது. தட்டையாக, மேட்டின் சாய்வுக்கு இணையாகக் கழன்று வரும். ஆழம் குறைவு, வேகம் அதிகம். மற்றது வளைந்து வழுக்குவது. மேட்டுக்குள் கிண்ணத்தின் அடிப்பகுதி போன்ற ஒரு வளைவில் மண் சுழன்று இறங்கும். உச்சியில் பிறைபோல வெடிப்பு விழும். அந்த வெடிப்புக்குக் கீழ்ப்பக்கத்துத் தரை ஒரு படி இறங்கும். அடிவாரம் வயிறு தள்ளியதுபோல் புடைக்கும். கொட்டி நிரப்பிய மண்ணிலும் களிமண்ணிலும் இது வரும். இந்த வகைதான் நமக்கு அவகாசம் கொடுப்பது. நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், தன் அடையாளங்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் அங்கே போனால் போதும்.

ஓடுவது இவற்றிலெல்லாம் கொடியது. நீரும் சேறும் கல்லும் மரமும் கலந்து ஓடைப் பாதையைப் பிடித்துக்கொண்டு, மனிதர் ஓடும் வேகத்தைவிட விரைவாக வரும். 1995 ஜூன் 30 அன்று கெந்திங் மலைக்குப் போகும் இணைப்புச் சாலையில் 20 பேரைக் கொன்றதும், 2024 ஜூலை 30 விடியலுக்கு முன் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் துடைத்துக்கொண்டு போனதும் இதுதான். நம் தீவில் இவ்வளவு உயரமும் நீளமும் கொண்ட ஓடைகள் இல்லை என்பது நம் நற்பேறு. ஆனால் இங்கே வேலை செய்கிற தமிழ் ஊழியர்கள் பலரின் சொந்தங்கள் அப்படிப்பட்ட ஓடைகளின் கரையில் வாழ்கிறார்கள். இங்கே கற்றுக்கொண்டது ஊருக்குப் போகும் தொலைபேசி அழைப்பில் போய்ச் சேரும். இந்தப் பயிற்சியைத் தமிழில் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இயற்கை மேட்டை நாம் என்ன செய்கிறோம் என்பதற்கு வருகிறேன். மனிதர் செய்யும் தவறுகள் சிலவே. ஆனால் மீண்டும் மீண்டும் அவையே நடக்கின்றன. அடிவாரத்தை வெட்டுவது. உச்சியில் மண்ணையோ கல்லையோ குவிப்பது. மரத்தை வெட்டி வெறும் மண்ணை மழைக்குக் காட்டுவது. இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் நீரை அதன் வழியில் போகவிடாமல் செய்வது. மேட்டின் தலையில் ஓடும் வடிகால் வெடித்திருக்கும். அல்லது இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்து வழிந்துகொண்டிருக்கும். புதைகுழாய் கசியும். தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளில் மண் அடைத்து, செடி முளைத்திருக்கும். அந்தத் துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வெளியேற அவைதான் வழி. அவை அடைபட்டால், மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் நீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகிறது.

கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் முதல் புளோக் சாய்ந்து 48 பேர் இறந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தூரம். 12 மாடிக் கட்டடம். பின்புற மேட்டில் இருந்த ஓடையைக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே புதிய கட்டுமானத்துக்காகக் காட்டை அழித்தார்கள். குழாயும் வடிகாலும் தாங்கவில்லை. நீர் மேட்டுக்குள் இறங்கியது. தடுப்புச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சரிந்த மண் கட்டடத்தின் அடித்தூண்களை முன்னுக்குத் தள்ளியது. குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி உள்ளூராட்சி மன்றத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மேடு சரிந்த பிறகு பொறுப்பு யாருடையது என்று தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு மேட்டின் உச்சி ஒரு துறைக்கும், வடிகால் இன்னொரு துறைக்கும், அடிவாரத்து நடைபாதை நகர மன்றத்துக்கும் சொந்தமாக இருப்பது நம் ஊரிலும் உண்டு. நீருக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது.

நம் மக்களின் வரலாற்றில் நிலச்சரிவுக்குத் தனி இடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத என்னால் முடியவில்லை. மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், உறங்கியவர்கள்மேல் மலை இறங்கியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்ததால் செய்தி வெளியுலகத்துக்கு வந்தது மறுநாள் காலையில்தான். இலங்கையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கோப்பில் எச்சரிக்கை இருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் வீட்டின்மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

இந்த இடங்கள் எதிலும் அறிவியல் புதிராக எதுவும் இல்லை. மீரியபெத்தையில் நிபுணர்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது. தெரிந்தவரிடமிருந்து வாழ்கிறவரிடம் அது முழுமையாக, நம்பும்படியாக, எங்கே போவது என்ற பதிலோடு போய்ச் சேரவில்லை. சிங்கப்பூரில் எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். இங்கே நிபுணரும் இருக்கிறார், கருவியும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. களத்தில் நிற்பவர் கண்டது மேலே போய்ச் சேரும் வழிதான் இல்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தீவின் மேற்கில் ஒரு குடியிருப்பு வட்டாரத்தின் பின்புறம் இருக்கும் மேட்டில் கருவிகளின் அளவை எடுக்கப் போயிருந்தேன். புல் வெட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அண்ணே, நீங்கள் மண் பார்க்கிறவர்தானே, இங்கே கொஞ்சம் வாருங்கள்" என்று உச்சிக்கு அழைத்துப் போனார். புல்லை வெட்டியிருந்ததால் தெரிந்தது: வில்போல வளைந்த ஒரு வெடிப்பு, சுண்டுவிரல் உள்ளே போகும் அகலம். கீழ்ப்பக்கத்துத் தரை மேல்பக்கத்தைவிட அரை விரல் தாழ்ந்திருந்தது. வெடிப்பின் உதடுகள் கூர்மையாக இருந்தன. பழைய வெடிப்பு என்றால் மழையில் கரைந்து மழுங்கியிருக்கும். கிழக்கு ஓரத்தில் வேலிக்கம்பம் ஒன்று கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. இரண்டடி தள்ளி ஓடும் கான்கிரீட் வடிகாலின் இணைப்பு விலகி, அதற்குள் வரும் நீர் வெளியே போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் கருவி இருந்த இடமோ அங்கிருந்து வெகு தூரம். அதில் எல்லாம் இயல்பாகவே காட்டியது.

போன முறை புல் வெட்ட வந்தபோதே அந்தத் தம்பி இதைப் பார்த்திருக்கிறார். அப்போது நூல் அகலம்தான் இருந்ததாம். லாரியில் கூட்டிவந்த மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். நமக்குக் கொடுத்த வேலை புல் வெட்டுவது என்ற பதில் வந்திருக்கிறது. அந்த மேற்பார்வையாளரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடம் சொல்வது என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. என் மூலமாகச் செய்தி போனதும் அன்று மாலையே பொறியாளர் வந்தார். மேட்டைத் தார்ப்பாயால் மூடினார்கள், அடிவாரத்து நடைபாதையை அடைத்தார்கள், வெடிப்பை நிரப்பினார்கள், வடிகாலைச் சரிசெய்தார்கள். சிறிய செலவு. அந்த நடைபாதை வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

அந்தத் தம்பி என்னை அங்கே பார்த்தது தற்செயல். பொதுமக்களின் பாதுகாப்பு அப்படித் தற்செயலாகக் காப்பாற்றப்படக் கூடாது என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

புல் வெட்டும் ஒப்பந்தத்திலும் வடிகால் துப்புரவு ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: மேட்டில் வேலை செய்யும் ஒவ்வோர் ஊழியருக்கும் அரை நாள் பயிற்சி, அவருக்குப் புரியும் மொழியில். தமிழிலும் வங்காளத்திலும் மலாயிலும் சீனத்திலும் அட்டை ஒன்று அச்சிட்டுக் கொடுங்கள். அதில் நீண்ட வாக்கியங்கள் வேண்டாம், படங்களும் அவற்றின் பெயர்களும் போதும்: பிறை வெடிப்பு, சாய்ந்த மரமும் கம்பமும், புடைத்த அடிவாரம், சுவரில் புதிய விரிசல், அடைத்த நீர்த்துளை, தெளிவாகக் கசிந்த நீர் திடீரென்று கலங்கி வருவது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கசியும் நீர் சேறாக மாறினால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். உடனே அங்கிருந்து விலக வேண்டும், பிறகுதான் படம் எடுப்பதும் சொல்வதும். பயிற்சியை வகுப்பறையில் வைக்காதீர்கள். மேட்டிலேயே, காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கின் தொடர்ச்சியாக நடத்துங்கள். வகுப்பறைத் திரையில் காட்டும் வெடிப்பும் புல்லுக்குள் தேடிப் பிடிக்கும் வெடிப்பும் ஒன்றல்ல.

சொல்கிறவரின் வேலைக்கும் சம்பளத்துக்கும் பாதிப்பு வராது என்று எழுத்தில் கொடுங்கள். வெடிப்பைக் காட்டியதால் வேலை நின்றது, வேலை நின்றதால் நாள்கூலி போனது என்று ஒருமுறை நடந்துவிட்டால், அந்த விடுதி முழுக்கச் செய்தி பரவிவிடும். அதன்பிறகு யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். பத்தில் ஒன்பது தகவல் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கலாம். மரவேர் தூக்கிய விரிசலாகவோ வெயிலில் பிளந்த களிமண்ணாகவோ இருக்கலாம். அதற்காகச் சலித்துக்கொள்ளாமல், நன்றி சொல்லி அனுப்பும் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எண் கொடுத்துப் பலகை நடுங்கள். ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 ஒரே நாளில் சௌ மௌ பிங் உட்பட இரண்டு இடங்களில் மண் சரிந்து 138 பேர் இறந்தார்கள். 1976இல் அதே சௌ மௌ பிங்கில் மீண்டும் ஒரு மேடு சரிந்தபின், மறு ஆண்டே மேடுகளைக் கவனிக்கத் தனி அலுவலகம் அமைத்தார்கள். இன்று அங்கே மனிதர் உருவாக்கிய ஏறத்தாழ 60,000 மேடுகளுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் பதிவு எண் இருக்கிறது. சாலையோரத்தில் நடந்தால் அந்தப் பலகைகளைப் பார்க்கலாம். மேட்டின் எண்ணைச் சொன்னால் போதும், அது எங்கே, யாருடைய பொறுப்பு என்பதை அலுவலகம் கண்டுபிடித்துவிடும். நம் ஊரில் புளோக் எண்ணும் விளக்குக்கம்ப எண்ணும் இருப்பதுபோல மேட்டுக்கும் இருக்கட்டும். "பெரிய ஆலமரத்துக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்துக்கு மேலே" என்று அரைகுறை ஆங்கிலத்தில் ஒருவர் தொலைபேசியில் தடுமாற வேண்டியிருக்காது. வட்டாரக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலி குடியிருப்பாளர்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. பலகையில் ஒரு கியூஆர் குறியீடு வைத்தால் அதே செயலிக்கே இந்தத் தகவலும் போகலாம், ஊழியரின் மொழியில்.

அகழ்வுப் பள்ளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மனிதவள அமைச்சின் பொறுப்பு என்பது தெரியும்; ஆனால் மண்ணின் குணம் ஒன்றுதான். ஒன்றரை மீட்டரைத் தாண்டிய பள்ளத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது ஓரங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. விதி இருக்கிறது. ஆனால் வெட்டியெடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கும் பழக்கமும் இருக்கிறது. விளிம்பில் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் உள்ளே குனிந்து நிற்பவரின் தலைக்குமேல்தான் ஏறுகிறது. நெஞ்சளவு மண் மூடினாலே மூச்சு விட முடியாது என்பதைப் பயிற்சியில் மறைக்காமல் சொல்லுங்கள். 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கிப் பெண்மணி ஒருவர் காருடன் விழுந்தபோது, பக்கத்துத் தளத்திலிருந்த நம் ஊழியர்கள் கயிறு வீசி அவரை மேலே இழுத்தார்கள். நாடே அவர்களைக் கொண்டாடியது. ஆபத்து நேர்ந்தபின் அவர்களின் கையை நம்பினோம். ஆபத்துக்கு முன் அவர்களின் கண்ணையும் நம்பலாம்.

பொறியியல் தீர்வுகளில் நம் ஊர் பின்தங்கிவிடவில்லை. வீவகவும் நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய தடுப்படுக்கு முறையை நான் களத்தில் பார்த்திருக்கிறேன். மேட்டின்மேல் நுண்ணிய துகள் மண்ணை ஓர் அடுக்காகவும், அதன் கீழே பருமனான கல்லை இன்னோர் அடுக்காகவும் போடுகிறார்கள். மழைநீர் மேல் அடுக்கிலேயே தங்கி, புல்லின் வேர் வழியாகவும் வெயிலிலும் வெளியேறிவிடுகிறது. மூல மண்ணின் இழுவிசை கெடுவதில்லை. கீழடுக்குக்கு மறுசுழற்சிப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். எளிமையான, அருமையான யோசனை. ஆனால் அந்தப் புல் பட்டுப்போனாலோ ஓரத்து வடிகால் அடைத்துக்கொண்டாலோ அதன் பயன் குறைகிறது. அதை முதலில் பார்ப்பவரும் புல் வெட்டுகிறவர்தான்.

இனிவரும் மழை பழைய மழையாக இருக்கப்போவதில்லை என்று நம் தேசியப் பருவநிலை ஆய்வே சொல்லியிருக்கிறது. ஈர மாதங்கள் மேலும் ஈரமாகும். வறண்ட மாதங்கள் மேலும் வறண்டு போகும். கொட்டும் மழையின் தீவிரம் கூடும். மேடுகளுக்கு இந்தக் கூட்டு மிகவும் கெட்டது. நீண்ட வெயிலில் மேல்மண் பிளக்கும். அந்தப் பிளவுகள் வழியாக அடுத்த பெருமழை நேராக ஆழத்துக்கு இறங்கும். 1970களிலும் 80களிலும் வெட்டிய மேடுகள் பல, அன்றைய மழைக்கணக்கை வைத்து அமைத்த வடிகால்களோடு இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன.

எல்லா மேடுகளிலும் இப்போதே தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. வரும் நவம்பருக்கு முன் ஒரே ஒரு நகர மன்றம், தன் வட்டாரத்தில் தடுப்புச் சுவரும் பள்ளிக்கூட நடைபாதையும் ஒட்டியிருக்கும் மேடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அங்கே வேலை செய்யும் ஊழியர்களை அழையுங்கள். பயிற்சியை வார நாளில், வேலை நேரத்தில், சம்பளத்தோடு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள். தமிழில் விளக்கிச் சொல்லிக்கொடுக்க என்னைப் போன்ற களப்பணியாளர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம். சாய்வுமானியும் அளவுநாடாவும் நாங்களே கொண்டுவருகிறோம். எந்த மேடு, எந்த நாள் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

பணிவுடன்,
நிலக்கருவிப் பதிவாளர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்